உலைக்குள் போகாதவர்

பரிசோதகர் வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் அவருடைய வீட்டில், அவருடைய நாற்காலியில், இன்னொரு பரிசோதகர் வந்து உட்கார்ந்துவிட்டார். அதே மூக்கு, அதே ஏறு நெற்றி, இடது காதுக்குப் பின்னால் அதே மச்சம். தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம்தான் குடிநீர்க் குழாய் உடைந்து முக்கு வரைக்கும் சேறாகிக் கிடந்தது. அவரவர் பாடு அவரவருக்கு. பால்காரர் மட்டும் சைக்கிளை நிறுத்தி, "சார் வந்துட்டாரா? நாளையிலேர்ந்து அரை லிட்டர் கூடப் போடவா?" என்று கேட்டார். மனைவி ஒரு நொடி யோசித்துவிட்டு, "போடுங்க," என்றாள். பிற்பாடு இதற்கு ஆளுக்கொரு கதை கட்டினார்கள், ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் ஆரம்பித்தது இப்படித்தான்.

பரிசோதகரின் வேலை என்னவென்று அந்தத் தெருவில் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. அணு மின் நிலையங்களுக்குப் போய்க் குளத்தை எட்டிப் பார்க்கிற வேலை என்றுதான் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எல்லோரிடமும் சொல்லிவந்தான். அதில் தப்பும் இல்லை. உலைக்குள் சில வருஷம் கிடந்து எரிந்து முடிந்த எரிபொருளை வெளியே எடுத்து, ஆழமான குளத்தில் தண்ணீருக்கடியில் வரிசை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். மெல்லிய குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுகள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். எரிந்து முடிந்தது என்பது ஒரு பேச்சுக்குத்தான். வெளியே எடுத்து வருஷக்கணக்கானாலும் உள்ளே சூடு அடங்காது. சுற்றியுள்ள தண்ணீர் நீலமாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கட்டுகளில் ஒன்றை எவனாவது களவாடிப்போய்க் குண்டு செய்துவிட்டால்? காலியான இடம் தெரியாமலிருக்க அங்கே ஒரு போலியை நிறுத்திவிட்டால்? அதைக் கண்டுபிடிக்கத்தான் இவரை அனுப்புவார்கள். குளத்துக்கு மேலே நகர்கிற பாலத்தில் ஏறி, விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல ஒரு கனத்த கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு, நேர் செங்குத்தாகக் கீழே பார்ப்பார். நிஜமானது குழாய்களின் நடுவிலிருந்து ஒளிரும். போலி இருட்டாக இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டின் வெளிச்சத்தை வாங்கி ஓரத்தில் கொஞ்சம் மினுக்கும். சொந்த வெளிச்சம் எது, இரவல் வெளிச்சம் எது என்று பிரித்துச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உலகத்துக் குளத்தையெல்லாம் எட்டிப் பார்த்தவருக்குத் தன் முதுகு மட்டும் தெரியாமல் போனது. தெரிந்திருந்தால் நமக்கு இந்தக் கதை ஏது?

கல்யாணமான புதிதில் மாதம் ஒரு பயணம். பிறகு மாதத்துக்கு ஒரு வாரம்தான் வீடு என்று ஆனது. மகள் பிறந்தபோது அவர் எங்கேயோ ஒரு பாலத்தின் மேல் நின்றிருந்தார். அவள் முதல் அடி வைத்தபோதும், நிமோனியாவில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோதும், மாடிப்படியில் உருண்டு முன்பல்லை உடைத்துக்கொண்டபோதும் அப்படித்தான். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது, சொன்னால் நாக்கு அழுகிவிடும். குடிக்கமாட்டார், பேச்சில் வம்பு கிடையாது, எந்த ஊரிலிருந்தும் தவறாமல் ஃபோன் பண்ணுவார். "எல்லாரும் இருக்கீங்கல்ல?" என்பார். "இருக்கோம்," என்பாள் மனைவி. "எல்லாம் அதது இடத்துல இருக்கா?" "இருக்கு." அதோடு அவருக்கு மனசு நிறைந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தால் குறை ஒன்றும் இல்லை என்பது அவர்கள் தொழிலில் பால பாடம். அதையே அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். வேறு என்ன கேட்பது என்று அந்த மனுஷனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் வேலை பார்த்தாள். பகல் முழுக்கக் கன்னம் வீங்கியவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வீடு திரும்பினால், ஏசுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. குடும்பம் என்றால் பின்னே என்ன? அவர் மாட்டிவிட்டுப் போன சட்டை சாப்பாட்டு மேசை நாற்காலியின் முதுகில் கிடக்கும். அதைப் பார்த்துத் திட்டுவாள். "கேஸ் தீர்ந்துபோச்சு, கேட்டியா? பிள்ளைக்கு விடிஞ்சா பரீட்சை, காய்ச்சல் அடிக்குது. கல்லு மாதிரி உக்காந்திருக்கியே." ஆரம்பத்தில் சட்டை சும்மா கிடந்தது. நிமோனியா வந்த வாரத்தில் நாற்காலி கிறீச்சென்றது. பல் உடைந்த அன்று அது ஒருமுறை தொண்டையைச் செருமியது. அதற்கப்புறம் அவள் அந்தச் சட்டையைத் துவைக்கப் போடவில்லை. எதிரே ஒரு தட்டும் வைத்தாள். சில நாள் தட்டில் இருந்தது குறைந்திருக்கும், எலி என்று நினைத்துக்கொண்டாள். தோளில் கொஞ்சம் கனம், கைமடிப்பில் கொஞ்சம் சூடு, கழுத்துப்பட்டையில் கொஞ்சம் அழுக்கு என்று சேர்ந்து சேர்ந்து, குழாய் உடைந்த வாரம் முழு ஆளாகி, எழுந்து போய் வாசல் குழாயை மூடிவிட்டு வந்தது. மகள் அதை அப்பா என்று கூப்பிட்டாள். அவளுக்கு வேறு எதையும் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

பரிசோதகர் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, அங்கே அவரே உட்கார்ந்து மகளின் செருப்பு வாரை ஊசி கோத்துத் தைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவராக இருந்தால் கத்திக் கூப்பாடு போட்டிருப்பார். இவர் பரிசோதகர், மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

"யாரு இது?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்கதான்."

"நான் இங்க நிக்கிறேனே."

"நிக்கிறீங்க. எப்பக் கிளம்பணும்? வியாழனா, வெள்ளியா?"

வெள்ளி என்றார். மற்றவர் மரியாதையாக எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். பரிசோதகர் இருந்த நாட்களில் அவர் மெலிந்து மெலிந்து கொடியில் தொங்குகிற சட்டையளவுக்கு ஆகிவிடுவார். வெள்ளிக்கிழமை டாக்சி முக்கு திரும்பியதும் பழையபடி சதை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். பரிசோதகருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. போலி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். காலியான இடத்தை மறைக்க வைத்த போலி. எத்தனை பார்த்திருப்போம்! எனக்கே என் வீட்டிலேயே பூச்சாண்டி காட்டுகிறார்களா என்று சிரித்துக்கொண்டார். தெருவில் அதற்குள் ஒருவரை வெளியூர்க்காரர் என்றும் மற்றவரை வீட்டுக்காரர் என்றும் சொல்லப் பழகியிருந்தார்கள். குழப்பம் தீர்ந்தது.

ஆனாலும் தொழில் புத்தி சும்மா இருக்குமா? அடுத்த பயணத்துக்கு முன்னால் அவர் தன் கூட்டாளியிடமிருந்து ஒரு பொட்டலம் சீல் வாங்கிவந்தார். அந்தக் கூட்டாளி ஒரு பெண். நிலையங்களில் கேமரா பெட்டிகளுக்கும் மூடிகளுக்கும் கம்பி கோத்து சீல் வைப்பது அவள் பொறுப்பு என்பதால் சீல்காரி என்றே அவளுக்குப் பேர். முன்கோபி, கை சுத்தம். ஏன் எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள். பரிசோதகர் தன் நாற்காலியை மேசையோடு சேர்த்துக் கம்பி போட்டு சீல் வைத்தார். துணி அலமாரிக்கு ஒன்று, சவரப் பெட்டிக்கு ஒன்று, கட்டிலில் தன் பக்கத்துத் தலையணைக்கு ஒன்று. திரும்பி வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது எல்லா சீலும் அப்படியே இருந்தன, ஒரு கீறல் கிடையாது. சவரப் பெட்டிக்குள் பிளேடு மட்டும் மழுங்கியிருந்தது, பிரஷ் ஈரமாக இருந்தது, தலையணையில் ஆள் தலை அழுந்திய குழி இருந்தது. சீல் உடையவில்லை, ஆகவே எதுவும் நடக்கவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்தத் தொழிலில் இருப்பவர்களால் மட்டுமே அப்படி ஒரு முடிவுக்கு வர முடியும்.

மனைவி கேட்டாள்: "சீல் உடையலைன்னா வீட்டுல ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தமா?"

"நடைமுறைப்படி அப்படித்தான்."

"சரி," என்று அவள் இடுக்கியை எடுத்துவந்து கம்பிகளை நறுக்கிப் போட்டாள், வீடு பெருக்கத் தடையாக இருக்கிறதென்று.

வருஷங்கள் போயின. வீட்டுக்காரருக்கு முன்மயிர் கொட்டியது, தொந்தி வந்தது, கேஸ் சிலிண்டரைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. மகள் பள்ளியில் யாரையோ அடித்துவிட்டாள் என்று தலைமையாசிரியரிடம் போய்க் கைகட்டி நின்றது அவர். மாமனார் படுக்கையில் விழுந்த காலத்தில் மலஜலம் எடுத்தது அவர். மனைவியின் மார்பில் கட்டி என்று டாக்டர் சொல்லி, சோதனை முடிவு வரும்வரைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர். கட்டி சாதாரணக் கட்டிதான் என்று தெரிந்ததும் வராந்தாவிலேயே விம்மி அழுது அவளிடம் திட்டு வாங்கினார். வெளியூர்க்காரருக்கு இதெல்லாம் ஃபோனில் சொல்லப்பட்டது, சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. "இப்ப எல்லாரும் இருக்கீங்கல்ல?" என்று கேட்டார். அவருக்கோ ஒரு நரை கிடையாது, முகத்தில் ஒரு கோடு கிடையாது. தெருவில் பார்த்தவர்கள், "நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்களே சார், கல்யாண ஃபோட்டோவிலேர்ந்து எறங்கி வந்த மாதிரி!" என்று வாய் பிளந்தார்கள். அவர் அதைப் பாராட்டு என்று வாங்கிக்கொண்டார். பாவம், சந்தோஷப்பட்டார்.

ஒருநாள் அவருக்குப் பணி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மாலை போட்டு, கைகுலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கையில் கொடுத்து, இனி நீங்கள் எந்தக் குளத்தையும் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்கள். பரிசோதகர் பெட்டி படுக்கையோடு வீட்டு வாசலில் இறங்கியபோது அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மீதிக் காலத்தை அந்த வீட்டில் கழிக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மனைவியோடு பேசி, மகள் வேலைக்குப் போய்வருவதைப் பார்த்து, அங்கேயே கிழவனாகி அங்கேயே சாக வேண்டும். ஓட்டல் அறைகளில் தனியாகச் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் இதற்காகத்தான் என்று அவர் உண்மையிலேயே நம்பியிருந்தார். நம்பிக்கைக்கு என்ன, அது யாரை விட்டது?

இந்த முறை வீட்டுக்காரர் மெலியவில்லை. மெலிய முயன்றார், பாவம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னறையில் நின்று பார்த்தார். தொந்தி உள்வாங்கியதே தவிர ஆள் குறையவில்லை. சாப்பாட்டு மேசையில் நாற்காலிக்கு முன்னால் இருவரும், "நீங்க உக்காருங்க," "இல்லை நீங்க உக்காருங்க," என்று நின்றுகொண்டே இருந்ததில் சாப்பாடு ஆறிப்போனது. மகளுக்கு அப்போது கல்லூரி முடிந்து வேலை கிடைத்திருந்தது. அவள் இருவரையும் அப்பா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் வெளியூர்க்காரரைக் கூப்பிடுமுன் மட்டும் சின்னதாக ஒரு மூச்சு நிற்கும், புது ஆபீசில் மேலதிகாரியின் பேரைச் சொல்வதற்கு முன்னால் நிற்குமே, அந்த மாதிரி. இப்படியே சில வாரம் போனது. கடைசியில் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு பேர் தாங்காது. இடம் ஒண்ணுதான் இருக்கு. ஒருத்தர் இருங்க. யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

அவள் போன பிறகு வீட்டுக்காரர் மெதுவாகப் பேச்செடுத்தார். அவருக்கு அதிகம் பேச வராது. "எதுக்குங்க வம்பு? வீடு உங்களோடது. நான் வேணா போயிடறேன். மாடியில தண்ணி மோட்டாருக்கு ஸ்விட்சு ரெண்டு தடவை தட்டணும், மொத தடவை எடுக்காது. அது மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க." அவர் அப்படிச் சொல்லிவிட்டுச் சட்டைப் பித்தானைக் கழற்றக்கூட ஆரம்பித்துவிட்டார்; அதைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கே தெரியாது. கேட்டுக்கொண்டு, சரி, போய்வாருங்கள் என்று பரிசோதகர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆசைப்பட்டது தட்டில் வைத்து நீட்டப்பட்டது. எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? மாட்டார். பரிசோதிக்காமல் ஏற்றுக்கொண்டால் அது கண்துடைப்பு. போலியைப் போலி என்று நிரூபித்து, முறைப்படி அகற்றி, அந்த இடத்தில் நிஜத்தை நிறுத்த வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் அப்படித்தான் செய்துவந்தார். "நீங்களா போக வேணாம்," என்றார் நிமிர்ந்து நின்று. "தண்ணியில பாத்துடலாம்." சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள்.

மச்சான் நகராட்சி நீச்சல் குளத்தில் மேற்பார்வையாளனாக இருந்தான். வாரத்தில் ஒருநாள் மதியம் குளத்தை மூடிச் சுத்தம் செய்வார்கள். அந்த நேரத்தைக் கொடுத்தான். "இறங்குறவங்க தலைக்குத் தொப்பி போடணும். அக்கா வீட்டுக்காரரா இருந்தாலும் சரி, ரெண்டு பேரா இருந்தாலும் சரி," என்றான். சீல்காரி கருவியைக் கொண்டுவந்தாள். சம்பந்தப்பட்டவன் கையில் கருவி இருக்கக் கூடாது என்பது விதி, ஆகவே பார்க்க வேண்டியவள் அவள். ஜன்னல்களையெல்லாம் மூடி, விளக்கை அணைத்து, இருவரையும் ரப்பர் தொப்பியோடு தண்ணீரில் இறக்கி, ஒருவர் வெளிச்சம் மற்றவர் மேல் விழாதபடி ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினாள். குதிக்கிற பலகையின் நுனியில் குப்புறப் படுத்துக்கொண்டாள். மனைவி படிக்கட்டில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள், கையில் துண்டோடு. ஒரே ஒரு துண்டுதான் கொண்டுவந்திருந்தாள். தண்ணீருக்குள் நின்ற பரிசோதகருக்கு உள்ளூர ஒரு குதூகலம். எத்தனை வருஷமாக மேலிருந்து பார்த்தவர், முதல் தடவையாகக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வீடு தன்னுடையது.

சீல்காரி முதலில் வீட்டுக்காரரைப் பார்த்தாள். கருவி தேவையே படவில்லை. தண்ணீர் அவரைச் சுற்றி நீலமாக எரிந்தது. விலா எலும்புகளின் நடுவிலிருந்து, பிடித்துக்கொண்ட முதுகிலிருந்து, கைவிரல் இடுக்குகளிலிருந்து நீலம் பொங்கிவந்து குளத்தின் அடித்தளத்து ஓடுகளை ஒவ்வொன்றாகக் காட்டியது. மச்சான், "அடேயப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டான். வீட்டுக்காரர் கூச்சப்பட்டுத் தண்ணீருக்குள் கையைக் கட்டிக்கொண்டார், அப்படியும் மறையவில்லை. சீல்காரி பலகையிலிருந்து இறங்கி, பரிசோதகர் நின்ற மூலைக்குப் போய், கரையில் படுத்து அவர் தலைக்கு மேல் எட்டிக் குனிந்தாள். பார்த்தாள். கருவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு சார். இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு மெத்தென்ற தன்மையை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"பார்த்ததை மாத்திப் பார்க்கக் கூடாது," என்றார் பரிசோதகர். "என்ன தெரியுது, சொல்லு."

"இருட்டா இருக்கு சார்."

"ஓரத்துல?"

"ஓரத்துல கொஞ்சம் நீலம் இருக்கு."

"அதானே!"

"அது அவரோடது சார். இரவல். உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியாததா? அந்த மாதிரி ஓர மினுக்கலை எத்தனை நிலையங்களில் எத்தனை பேரிடம் முகத்துக்கு நேரே சொல்லி, அவர்கள் வெளிறிப்போவதைப் பார்த்திருக்கிறார். "அப்ப நான் போலியா?" என்று கேட்டார். ரப்பர் தொப்பி போட்ட ஒரு ஆள் அப்படிக் கேட்பதைப் பார்க்க யாருக்கும் சகிக்கவில்லை. மனைவி கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.

சீல்காரி கரையில் எழுந்து உட்கார்ந்தாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி. "போலி இல்லை சார். போலிக்குள்ள வெறும் இரும்புதான் இருக்கும். உங்களுக்குள்ள எல்லாம் இருக்கு, வச்சது வச்சபடி இருக்கு. நீங்க புதுசு. உலைக்குள்ள போகாத கட்டு எங்கயாவது ஒளிருமா? அதைக் கையுறை போட்டுக் கையாலயே தூக்கலாம். சூடு கிடையாது, ஆபத்து கிடையாது, பாலித்தீன் உறைகூடப் பிரிக்காம அலமாரியில இருக்கும். நீங்க எரியவே இல்லை சார்."

பரிசோதகர் மறுத்துப் பேசவில்லை. பேசுவதற்கு இடமில்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தன் வாழ்நாளில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவர், அன்றைக்கும் போடவில்லை. நிஜம் இருக்க வேண்டிய இடத்தில் நிஜம் இருக்கிறது, அகற்ற வேண்டியது எதுவும் இல்லை என்று தண்ணீரில் நின்றபடியே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சொன்னது சுத்தமான நடைமுறைத் தமிழில் இருந்தது. வீட்டுக்காரர் மூலையிலிருந்து, "மன்னிச்சுக்குங்க," என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

குளத்துத் தண்ணீரில் கொஞ்ச நாள் நீலம் தங்கியிருந்தது. சுகாதாரத் துறையிலிருந்து வந்து சோதித்துவிட்டு, குளோரின் போதாது, மற்றபடி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் பலபேர் பிறகு தங்களையும் பார்க்கச் சொல்லிச் சீல்காரிக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். வெளியூர்க்காரரை யாரும் எங்கேயும் துரத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மனைவிக்கு அப்படிக் கல் மனசு இல்லை. முன்னறை சும்மாதான் கிடக்கிறது, கட்டிலும் இருக்கிறது, அங்கே இருந்துகொள்ளட்டும் என்று குளத்துப் படிக்கட்டிலேயே முடிவாகிவிட்டது. இன்றைக்கும் அவர் அங்கேதான் இருக்கிறார். பால்காரர் இன்னும் அரை லிட்டர் கூட்டிப் போடுகிறார். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் அவரைத் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவு இளமை.

ஆனால் தான் எரியவே இல்லை என்பது அவருக்கு முழுசாகப் புரிந்தது அந்த மதியம் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதுதான். குளத்திலிருந்து ஏறியதும் மகள் அந்த ஒற்றைத் துண்டை அவரிடம்தான் முதலில் நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டபோது, பரவாயில்லை, பெற்ற பாசம் எங்கே போகும் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மார்போடு பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தார். வீட்டுக்காரர் பின்னால் சொட்டச் சொட்ட வந்தார். வாசலைத் திறந்த மனைவி, இருவர் காலையும் பார்த்தாள். பார்த்தவள் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள்: "ஈரக் காலோட உள்ள வராதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? காலையிலதான் துடைச்சேன். மண்டையில ஏறவே ஏறாதா? போ, பின்பக்கமா வா, துண்டுகூட எடுத்துக்கத் தெரியல, ஜன்னி வந்து படுத்தா யார் பாக்கிறது?" வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போனார், திட்டு சந்து முழுக்க அவர் கூடவே போனது. பிறகு அவள் பரிசோதகரின் பக்கம் திரும்பி, முகத்தைச் சரிசெய்துகொண்டு, கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

"நீங்க பரவாயில்லைங்க. அப்படியே வாங்க."

பரிசோதகர் வாசலில் நின்றார். தானும் ஒரு திட்டு வாங்கிவிட வேண்டும், எப்படியாவது, ஒரே ஒரு வார்த்தை. காலைத் துடைக்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், துடைத்த தரையில் வேண்டுமென்றே அழுத்தி அழுத்தி மிதித்து, கூடம் முழுக்கச் சுற்றி, சாப்பாட்டு மேசையை ஒரு வலம் வந்து முன்னறைக்குப் போனார். போய்க் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துணியை எடுத்துவந்து, குனிந்து, அவர் நடந்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.